முள்ளு, புழுதி, ஆடிக்காத்து: நம்ம பக்கத்துக்குச் சைக்கிள் சாமான் வாங்குவதும் பார்த்துக்கொள்வதும்

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துப் பையன் புது கியர் சைக்கிளை, இரண்டு பக்கமும் வேலி போட்ட மண்பாதையான இட்டேரி வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தான். வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது, இரண்டு டயரும் சப்பை. "ஏனுங்கண்ணா, இத்தனை காசு போட்டு வாங்கியும் இப்படியாங்க?" என்றான். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டயரைக் கழற்றி, உள்பக்கம் பனியன் துணியை விட்டு ஒரு சுற்று சுற்றினேன். எட்டு இடத்தில் துணி மாட்டியது. ஏழு நெருஞ்சி, ஒன்று கிளுவை முள். முந்தின நாள் யாரோ வேலியைக் கழித்து வழியிலேயே போட்டிருக்கிறார்கள், இவன் அதன் மேலேயே ஓட்டி வந்திருக்கிறான்.

"சைக்கிள் மேல தப்பில்லை கண்ணு, இந்த டயர் நம்ம இட்டேரியைப் பார்த்ததே இல்லை" என்றேன். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சைக்கிள் பராமரிப்பு என்று தேடினால் வருகிற வீடியோக்களில் பாதி, குளிரும் மழையும் வழுவழு ரோடும் இருக்கிற ஊர்க்காரர்கள் எடுத்தது. அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் நமக்கு வருஷத்தில் முக்கால்வாசி நாள் புழுதி, எந்தச் சந்தில் திரும்பினாலும் முள், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, ஒரு மணி நேரம் மேற்கே ஓட்டினால் நேராக மலை. எந்தச் சாமான் வாங்கினாலும் இந்த நாலுக்கும் அது தாங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். காசை முதலில் ரோட்டைத் தொடும் இடத்திலும், உடம்பைத் தொடும் இடத்திலும், நிறுத்தும் இடத்திலும் போடுங்கள். அதாவது டயர், சீட்டு, பிரேக். கியர் செட் எந்த ரகம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கடையில் நேர் தலைகீழாகத்தான் சொல்வார்கள், ஏனென்றால் கியரின் பேர் ஃபிரேமில் பெரிதாக எழுதியிருக்கும், டயரின் பேரை யாரும் படிப்பதில்லை.

டயர்

டயர் வாங்கப் போகும்போது "26 இஞ்சு", "28 இஞ்சு" என்று சொல்லி ஏமாறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 32-622 மாதிரி ஒரு எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டுமே மில்லிமீட்டரில். ரோடு சைக்கிளின் 700 சி என்பதும், மலைச் சைக்கிளின் 29 இஞ்சு என்பதும் ஒரே 622தான். 27.5 இஞ்சு என்றால் 584. பழைய கியர் சைக்கிளின் 26 இஞ்சு 559. நம்ம அப்புச்சி காலத்துப் பெரிய சைக்கிளின் 28 இஞ்சோ 635, அதனால் 700 சி டயர் அதில் ஏறவே ஏறாது. இரண்டாவது எண் பொருந்தினால்தான் டயர் பொருந்தும், மற்ற பேச்செல்லாம் வீண்.

அகலத்தைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றுதான்: ஃபிரேமில் எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு அகலம் போடுங்கள். 25 மில்லிமீட்டர் டயர் அவிநாசி ரோட்டுக்குச் சரி, அதுவும் அதிகாலையில். பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் கிராமத்து ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு 32க்குக் கீழே வேண்டாம். இட்டேரியும் வாய்க்கால் கரையும் உண்டு என்றால் 40. ஆனால் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரல் நுழைகிற அளவாவது சந்து இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் கரிசல் காட்டு வழியாகப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மண் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாமல் நிறுத்திவிடும்.

முள்ளுக்கு மூன்று வழி உண்டு. டயருக்குள்ளேயே கெட்டித் துணிப்பட்டை வைத்துத் தைத்த ரகம் ஒன்று, டயருக்கும் டியூப்புக்கும் நடுவே போடுகிற தனி லைனர் ஒன்று, ஓட்டையை அடைப்பதற்காக டியூப்புக்குள் ஊற்றுகிற சீலண்டு ஒன்று. நெருஞ்சிக்கு முதல் இரண்டுமே போதும். அந்த முள் குட்டைதான், ஆனால் எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்தே கிடக்கும், அதனால்தான் அது நம்மை விடுவதில்லை. கிளுவை, வெள்வேல், சீமைக்கருவேலம் மூன்றும் வேறு கணக்கு. சீமைக்கருவேல முள் லைனரையும் தாண்டும், அதற்குச் சீலண்டுதான். சீலண்டு ஊற்றியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: நம்ம வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர் தோலாகிவிடும், திரும்ப ஊற்ற வேண்டும். ஊற்றி ஒரு வருஷம் ஆனதை வைத்துக்கொண்டு "சீலண்டு வேலை செய்யலைங்க" என்றால் என்ன செய்வது.

காற்று அடிப்பதற்கு மீட்டர் வைத்த நிற்கும் பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள், ஹெல்மெட்டுக்கு அடுத்து வாங்க வேண்டியது இதுதான். பெட்ரோல் பங்கில் அடிக்கலாம் என்றால், ஒல்லி மூக்கு பிரெஸ்டா வால்வுக்கு அந்தக் குழாய் பொருந்தாது. பொருந்தினாலும் அந்த வேகத்துக்கு ஒல்லி டியூப் ஒரு நொடியில் வெடித்துவிடும். எவ்வளவு அடிப்பது? 70 கிலோ ஆளுக்கு 28 மில்லிமீட்டர் டயரில் ஏறக்குறைய 70 பிஎஸ்ஐ, 32இல் 60, 40இல் 40 முதல் 45, இரண்டு இஞ்சு மலை டயரில் 30. பின் டயரில் முன்னதைவிட ஐந்து கூட. டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவு, தாண்டக்கூடாத எல்லை மட்டும்தான். அந்த அளவுக்கு அடித்தால் கல்லு ரோட்டில் இடுப்பு கழன்றுவிடும். நிழலில் 80 அடித்து வைத்த டயர், வெயிலில் மதியம் நின்றால் தானாகவே ஐந்தாறு ஏறும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் ஒட்டுவது

இதைக் கொஞ்சம் நிறுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் ஒட்டத் தெரியும் என்கிறவர்களில் பாதிப் பேர் மறுநாளே திரும்ப ஒட்டுகிறார்கள்.

டயரை ரிம்மில் மாட்டும்போதே, டயரில் எழுதியிருக்கும் கம்பெனிப் பேர் வால்வு இருக்கும் இடத்திலேயே நேராக வருகிற மாதிரி மாட்டுங்கள். இது அழகுக்கு இல்லை. நாளைக்கு டியூப்பில் ஓட்டையைக் கண்டுபிடித்தால், வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி என்று அளந்து, டயரிலும் அதே தூரத்தில் தேடினால் முள் அங்கேதான் இருக்கும். வேறு முள்ளே இல்லை என்று நம்பிவிடாமல் டயர் முழுவதும் துணியை விட்டுத் தடவுங்கள். விரலை விட்டால் முள் விரலில்தான் இருக்கும். திருப்பூர் பக்கம் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும், ஒரு கிலோ வாங்கினால் ஒரு வருஷம் வரும். சைக்கிள் வேலைக்கு அதைவிட நல்ல துணி உலகத்திலேயே கிடையாது என்பது என் எண்ணம்.

ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்புப் போய் மங்கலாக வேண்டும், பேட்சைவிடப் பெரிய வட்டமாக. சொலூஷனை மெலிதாகத் தடவிவிட்டு, அப்புறம் சும்மா இருங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். சொலூஷன் ஈரமாக இருக்கும்போது பேட்சை வைத்தால் பசை மாதிரி வழுக்கும், ஒட்டாது. ஐந்து நிமிடம் விட்டு, விரல் முட்டியால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். கையில் சுத்தி இருந்தால் அதன் பிடியால் தேய்க்கலாம். உடனே காற்று நிரப்பித் தனியாக ஊதிப் பார்க்க வேண்டாம், டயருக்குள் போட்டே அடியுங்கள்.

டயரைத் திரும்ப ஏற்றும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து வால்வில் முடிக்க வேண்டும். கடைசிக் கொஞ்சம் ஏறாமல் அடம்பிடிக்கும். ஸ்குரூ டிரைவரைத் தேடிப் போகாதீர்கள், அது டியூப்பைக் கடித்து இன்னொரு ஓட்டை போடும். ஏற்கெனவே ஏறிய பக்கத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்தித் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசி இடம் தானாக இளகும், கட்டை விரலே போதும்.

செயின்

நம்ம ஊரில் செயினைக் கொல்வது பெரும்பாலும் எண்ணெய்தான். புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் அம்மியில் அரைத்த விழுது மாதிரி ஆகிவிடும், அது ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் போய் உட்கார்ந்து இரும்பை அரைக்கும். பொள்ளாச்சிப் பக்கம் ஒருவர் தேங்காய் எண்ணெய் விடுவார், இன்னொருவர் ஒர்க்‌ஷாப்பில் வடித்த கரி ஆயில் விடுவார். இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும், கரி ஆயிலில் ஏற்கெனவே இரும்புத் தூள் இருக்கிறது. தையல் மெஷின் ஆயில் ரொம்ப மெல்லிசு, பிரேக் லீவரின் மூட்டுக்கும் கியர் மாற்றியின் மூட்டுக்கும் ஒரு சொட்டு விட அருமை, செயினில் விட்டால் அன்றைக்கே தெறித்துப் போய்விடும்.

முதலில் செயின் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்குத் தனிக் கருவி உண்டு, ஆனால் பள்ளிக்கூட ஸ்டீல் ஸ்கேலே போதும். புது செயினில் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்து, அதற்கு அடுத்த பின்னை ஒன்று என்று எண்ணினால் 24ஆவது பின்னின் நடு, சரியாக 12 இஞ்சில் வந்து நிற்கும். தேய்ந்த செயினில் அந்தப் பின் கோட்டைத் தாண்டிப் போயிருக்கும். பதினாறில் ஒரு இஞ்சு தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். அதையும் விட்டு எட்டில் ஒரு இஞ்சு தாண்டவிட்டால், பின்னால் இருக்கும் பற்சக்கரங்களும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும், புது செயின் போட்டால் ஏற்றத்தில் மிதிக்கும்போது பல்லைத் தாண்டித் தாண்டிக் குதிக்கும். செயின் செலவைத் தள்ளிப்போட்டால் அது கேசட், அதாவது அந்தப் பின் பற்சக்கரக் கட்டின் செலவாக வந்து நிற்கும். பின்னால் 6, 7, 8 கியர் உள்ள சைக்கிளுக்கெல்லாம் ஒரே செயின்தான், விலையும் குறைவு. 11, 12 என்று போகப் போக செயின் மெலிந்துகொண்டே போகும், விலை ஏறிக்கொண்டே போகும்.

நான் இப்போது மூன்று வருஷமாகச் செயினுக்கு எண்ணெய்க்குப் பதில் மெழுகுதான். ஆரம்பத்தில் வீட்டில் சிரித்தார்கள். இப்போது பேன்ட் காலில் கறை இல்லை என்பதால் சிரிப்பதில்லை. செய்முறை இதுதான். புது செயினில் கம்பெனி தடவி அனுப்பிய கிரீஸ் இருக்கும், அது துளிகூட இருக்கக் கூடாது. பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனில் செயினைப் போட்டு, பழைய பாட்டிலில் மூடிக் குலுக்குங்கள். கறுப்பாக வரும், கொட்டிவிட்டு மறுபடி. தெளிவாக வரும் வரை மூன்று நாலு முறை. கடைசியில் ஸ்பிரிட்டில் ஒரு அலசு, நன்றாகக் காயவிடுங்கள். இந்த வேலையெல்லாம் அடுப்புப் பக்கமே போகாமல் வெளியே வாசலில்.

அப்புறம் வாசனையும் சாயமும் இல்லாத வெள்ளைப் பாரஃபின் மெழுகு அரைக் கிலோ. சமையலுக்கு இனி எடுக்கப்போவதில்லை என்று வீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு பழைய பாத்திரத்தில் அதைப் போட்டு, தண்ணீர் கொதிக்கிற இன்னொரு பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். நேரடியாகத் தீயில் வைக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். மெழுகு தண்ணீர் மாதிரி ஆனதும் செயினைக் கம்பியில் கோத்து இறக்குங்கள். இறக்கியதும் பொறிபொறியாகக் குமிழி வரும், உள்ளே இருக்கிற காற்று வெளியேறுகிறது. கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருங்கள். பத்து நிமிடத்தில் குமிழி நின்றுவிடும். உடனே எடுத்தால் மெழுகு முழுக்க வழிந்துவிடும், அதனால் அடுப்பை அணைத்து, மேலே ஆடை கட்டுகிற பதத்துக்கு ஆறவிட்டு எடுத்துத் தொங்கவிடுங்கள். ஆறிய செயின் குச்சி மாதிரி விறைத்து நிற்கும். ஒரு குழாய் மேல் போட்டு இழுத்து ஒவ்வொரு கண்ணியையும் மடக்கினால் பட்பட்டென்று உடைந்து இளகும். மாட்டி ஓட்டும்போது முதல் ஐந்து கிலோமீட்டர் கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான்.

ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு ஒரு முறை திரும்ப முக்க வேண்டும், மழையில் நனைந்தால் அன்றைக்கே. அடிக்கடி கழற்ற வேண்டும் என்பதால் கையால் திறக்கிற குயிக் லிங்க் போட்டுக்கொள்ளுங்கள். இதெல்லாம் முடியாது என்கிறவர்களுக்கு டிரை லூப் என்று செயினுக்கான மசகு விற்கிறது, ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, செயினின் உள்பக்கத்தில். அரை மணி கழித்து வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். வெளியே பளபளவென்று இருந்தால் புழுதிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

கியரும் காற்றும்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏற வேண்டும். அங்கே உங்களைக் காப்பாற்றுவது கியர் எத்தனை என்பது இல்லை, கடைசிக் கியர் எவ்வளவு இலகு என்பதுதான். முன் பல்லையும் பின் பல்லையும் எண்ணுங்கள். முன்னால் 34, பின்னால் பெரியது 34 என்றால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று, சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர், மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். பின்னால் பெரியது 25தான் என்றால், முழங்காலை மனதில் வைத்துக் கேசட்டை மாற்றிவிட்டுப் போங்கள். அப்படி மாற்றுவதற்கு முன்னால், பின்பக்கக் கியர் மாற்றி எத்தனை பல் வரை தாங்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரகம் என்று கேட்டால், ஷிமானோ கம்பெனி கியர் செட்டில் ரோட்டுக்கு கிளாரிஸ், மலைச் சைக்கிளுக்கு ஆல்டஸ் வந்தாலே நம்ம ஓட்டத்துக்குத் தாராளம். மேலே போனால் கொஞ்சம் எடை குறையும், மாறுகிற சத்தம் இனிமையாக இருக்கும்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சைக்கிள்காரர்களுக்காகவே சொன்னதோ என்னவோ. ஜூன் முதல் செப்டம்பர் வரை பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாடிகள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும். அந்த மாதங்களில் காலையில் மேற்கே பார்த்துக் கிளம்புங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். தெரியாமல் கிழக்கே போனால் போகும்போது மகாராஜா, வரும்போது கூலி. உயரமான ரிம் வைத்த வீல் பார்க்க ஜோராக இருக்கும், பக்கக் காற்று அடித்தால் லாரிக்குப் பக்கத்தில் தள்ளிவிடும். இந்தப் பக்கத்துக்கு அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பிரேக்

கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது ஒரு முறை பிரேக்கில் கீச்சென்று சத்தம் வந்தது. தூசி என்று நினைத்து விட்டுவிட்டேன், முழுக்க என் தப்பு. இரண்டு வளைவு கழித்து லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. ரோட்டோரத்து மண்ணில் ஏற்றி ஒருவழியாக நிறுத்திப் பார்த்தால், பேடில் ரப்பர் தீர்ந்து இரும்பு ரிம்மைச் சுரண்டியிருக்கிறது. அதிலிருந்து மலைக்குப் போகும் முந்தின நாள் இரவு பேடைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்காமல் தூங்குவதில்லை. ரிம் பேடில் பள்ளக்கோடு வெட்டியிருக்கும், அது மறைந்தால் மாற்ற வேண்டும். டிஸ்க் பேடில் மேலே இருக்கிற பொருள் ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். ஷிமானோ டிஸ்க் தட்டு பெரும்பாலும் 1.8 மில்லிமீட்டர் தடிமனில் வரும், 1.5க்கு வந்தால் அதையும்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் விட்டுவிடுங்கள். இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்ற பயம் நம்மில் பலருக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. ஆனால் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான், படக்கென்று பிடிப்பதுதான் ஆபத்து.

டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் சைக்கிளை ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டேன். பைக்குக்குச் செய்கிற மாதிரியே வேகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று பாசமாக டீசலும் ஸ்பிரே பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். தட்டும் பேடும் போச்சு. தட்டை ஸ்பிரிட்டால் துடைத்து மீட்டுவிட்டேன், பேடு எண்ணெயைக் குடித்தால் குடித்ததுதான், தூக்கிப் போட வேண்டியதாயிற்று. வேகத் தண்ணீர் பேரிங்குக்குள்ளும் போய் கிரீஸைக் கழுவிவிடும். ஒரு வாளித் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பிரஷ், இது போதும். ஹைட்ராலிக் பிரேக்கில் திரவம் குறைந்தால் கண்டதை ஊற்றாதீர்கள். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ரேம் கம்பெனியின் பல மாடல்களுக்கு டாட் திரவம். பைக் கடையில் கிடைக்கும் டாட் 4ஐ மினரல் ஆயில் பிரேக்கில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

கொட்டாயில் கிடக்கிற சைக்கிள்

புதுசு வாங்குவதற்கு முன், கொட்டாயில் பாருங்கள். ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்று சாய்ந்து கிடக்கும். தினமும் நாலைந்து கிலோமீட்டர் கடைக்கும் மில்லுக்கும் போக அதுவே போதும். ஓவராயில் பண்ணினால் பத்து வருஷம் ஓடும்.

இரண்டு சக்கரத்தையும் கழற்றி ஆக்சிலைப் பிரித்தால் பழைய கிரீஸ் காய்ந்த சேறு மாதிரி இருக்கும். துடைத்துவிட்டு, பேரிங் குண்டுகளை எல்லாம் புதிதாகவே போடுங்கள், ஒன்று இரண்டை மட்டும் மாற்றினால் பெரிய குண்டுதான் பாரத்தைத் தாங்கும். பின் சக்கரத்துக்குக் கால் இஞ்சு குண்டு. முன்னது அதைவிடப் பொடிசு, பழையதைக் கடைக்குக் கொண்டு போய்க் காட்டி வாங்குங்கள். குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற கோனை இறுக்கும்போது சக்கரம் ஆடவும் கூடாது, கரகரக்கவும் கூடாது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து விட்டால் வால்வு இருக்கும் பக்கம் அதன் எடைக்கே தானாகக் கீழே வந்து நிற்க வேண்டும், அதுதான் பதம். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக்கென்றால், பெடல் மாட்டியிருக்கும் கிராங்கை அச்சோடு பிடித்து வைக்கிற காட்டர் பின்தான் காரணம். ஒரு பக்கம்தான் ஆடுகிறது என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள்.

பெடலைக் கழற்றும்போது நினைவிருக்கட்டும், இடது பெடலுக்கு இடது மரை. எல்லாப் போல்ட்டும் கழல்கிற திசையில் சுற்றினால் இது இறுகும். நான் முதல் தடவை ஸ்பேனரில் குழாயை மாட்டி நெம்பி, மரையையே சிதைத்துவிட்டேன். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கிராங்கைக் குடைந்து, உள்ளே புஷ் போட்டுப் புது மரை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த வகையில் கோயமுத்தூரில் பிறந்ததற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பெடல் மரையில் கிரீஸ் தடவி மாட்டினால் இந்தக் கதையே வராது.

வீல் கோட்டம் எடுப்பதையும் பயப்படாமல் பழகலாம். பிரேக் பேடையே அளவுக்கு வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம் வலப்பக்கம் உரசுகிற இடத்தில், இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஒரே தடவையில் சரி பண்ண நினைத்தால் கோட்டம் இரண்டாகிவிடும். டிஸ்க் பிரேக் வீலிலும் இதே மாதிரிதான், ஃபிரேமில் ஒரு குச்சியைக் கட்டி அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

சீட்டு, துணி, தலை

சீட்டு உயரம் பார்க்க, செவுரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக நீண்டால் சரி. பந்து மாதிரி மெத்துமெத்தென்று இருக்கிற அகலச் சீட்டு கடையில் உட்காரச் சுகம், இருபது கிலோமீட்டரில் தொடையை உரசிப் புண்ணாக்கும். கொஞ்சம் கெட்டியானதாக, உங்கள் உட்காரும் எலும்பு இரண்டும் படுகிற அகலத்தில் வாங்குங்கள். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது, போட்டால் அதன் தையல்தான் அறுக்கும். ஒரு முறை போட்டால் துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போட வேண்டும். பனியனைப் பொறுத்தவரை நமக்குப் பஞ்சமா? திருப்பூரில் வேர்வை காய்கிற பாலியஸ்டர் துணியில் தைத்தது மலிவாகவே கிடைக்கிறது. பருத்தி பனியன் வீட்டுக்கு நல்லது, நீண்ட ஓட்டத்தில் நனைந்து தொங்கும். நிறம் மட்டும் பளிச்சென்று.

ஹெல்மெட் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் கடை விட்டு உட்கார வேண்டும், பிடரியில் தொங்கினால் போடாததற்குச் சமம். உள்ளே இருப்பது தெர்மகோல் வகைதான், ஒரு அடியை வாங்கிக்கொண்டு நசுங்குவதுதான் அதன் வேலை. விழுந்து அடிபட்டிருந்தால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்காதீர்கள். பின்னால் சிவப்பு லைட்டு பகலிலும் எரியட்டும், டிப்பர் லாரிக்காரருக்கு நாம் தெரிய வேண்டும்.

கிளம்பும் முன் அரை நிமிடம்: டயரை அமுக்கி, பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் உலுக்கி, சைக்கிளை இரண்டு இஞ்சு தூக்கிக் கீழே விடுங்கள். கடகடவென்று ஏதாவது சத்தம் வந்தால் எது என்று கண்டுபிடித்துவிட்டு ஏறுங்கள்.

சீட்டுக்கு அடியில் கட்டுகிற பையில் ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், பேட்ச், சொலூஷன், ஆலன் கீ செட்டு, ஒரு குயிக் லிங்க், கையடக்கப் பம்பு. இதோடு ஆவின் பால் கவர் ஒன்றைக் கழுவிக் காயவைத்து நாலாக மடித்து வையுங்கள். டயரே கிழிந்துவிட்டால், கிழிசலுக்கு உள்பக்கம் அதை வைத்து டியூப்பைப் போட்டுக் கொஞ்சம் காற்றுக் குறைத்து அடித்தால் வீடு வந்து சேரலாம். அந்தப் பையனுக்கும் ஒன்று மடித்துக் கொடுத்திருக்கிறேன்.